நூற்றிப் பன்னிரண்டாம் எண் வீடு

பரிபூரணம் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்குக் குடிவந்தது 1990ஆம் வருஷம் ஆவணியில். கையில் ஒரு ரெக்சின் பை, ஒரு பாய், இடுப்பில் நான்கு வயதுப் பெண் குழந்தை. குழந்தையின் பெயர் இன்பம். மன்னாரிலிருந்து படகில் வந்து மண்டபம் முகாமில் மூன்று வாரம் இருந்தவள், குழந்தைக்குக் காய்ச்சல் விடாததால் வெளியே வீடு எடுத்துத் தங்க அனுமதி வாங்கியிருந்தாள். எனக்குப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஜெயபாய் டீச்சர்தான் அவளை ராஜபாளையத்துக்கு அழைத்து வந்து, எங்கள் அம்மாவிடம் பேசி, வீட்டைக் காட்டினார்.

அவளுடைய கணவர் ஜேசுதாசன் கூட வரவில்லை. பேசாலைக் கரையில் படகு கிளம்பும் நேரம், நடக்க முடியாத தாயாரைத் தூக்கி வருகிறேன் என்று திரும்பிப் போனவர். படகுக்காரர்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள், பிறகு என்ஜினைப் போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இதை அவள் எங்களிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். இரண்டாம் முறை யாரும் கேட்கவில்லை.

எங்கள் அப்பா சங்கரலிங்கம் பஞ்சாலையில் மேஸ்திரி. நல்லவர்தான், ஆனால் எதற்கும் பயப்படுகிற நல்லவர். பின்கட்டைக் கொடுக்கும்போது இரண்டு விஷயங்கள் சொன்னார். எந்தக் காகிதத்திலும் தன் பெயர் வரக்கூடாது. வாடகைக்கு விட்டது நகராட்சிக்குத் தெரிந்தால் வீட்டு வரி கூடிவிடும் என்பது அவருடைய கணக்கு. இரண்டாவது, தெருவில் அவள் ஆலங்குளத்து டீச்சர், புருஷன் துபாயில் இருக்கிறான், அவ்வளவுதான். இலங்கை என்ற பேச்சே வேண்டாம்.

பரிபூரணம் இரண்டுக்கும் தலையசைத்தாள். அன்றைக்கு அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு கூரையும் ஒரு விலாசமும்.

அம்மா புது மண்ணெண்ணெய் அடுப்பில் பால் காய்ச்சிக் கொடுத்தாள். பொங்கி வழிகிற நேரத்தில் பரிபூரணம் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். அம்மா அதைப் பார்த்துவிட்டுப் பாலை இறக்கி முதல் டம்ளரைக் குழந்தையிடம் கொடுத்தாள்.

விலாசம் எழுதியது நான். காவல்துறையில் கொடுக்க வேண்டிய பதிவுப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அவளுக்கும் ஆங்கிலம் தெரியும், ஆனாலும் இந்த ஊர் எழுத்துமுறை தெரிந்தவர்கள் எழுதட்டும் என்றாள். தெருப் பெயர் எழுதினேன். கதவு எண் என்று இருந்த இடத்தில் நின்றுவிட்டேன். எங்கள் வீட்டுக்கு என்ன எண் என்று எனக்குத் தெரியாது. ‘சங்கரலிங்கம், மில் மேஸ்திரி’ என்று போட்டால் கடிதம் வந்துவிடும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அப்படித்தான். நகராட்சி அடித்த எண் தகரம் எந்தத் தீபாவளிக்கு வெள்ளையடித்தபோது கழன்றதோ தெரியவில்லை. பரிபூரணம் வெளியே போய்ப் பின்கட்டு நிலைக்கு மேலே பார்த்தாள். காவி நிறத்தில் பெரிதாக எழுதியிருந்தது.

“நூற்றிப் பன்னிரண்டு” என்றாள்.

எழுதினேன். அவளும் தன் கணவருக்கு எழுதிய கடிதத்தில் அதையே எழுதினாள். பிரிக்காமல் சேர்த்துச் சேர்த்து எழுதுகிற வடிவான கையெழுத்து. ஜெயபாய் டீச்சர் மூலம் அந்தக் கடிதம் ராமேஸ்வரத்துக்குப் போய், அங்கே ஒரு பாதிரியார் கையில் சேர்ந்து, படகில் போகிறவர்கள் யாரிடமோ கொடுக்கப்பட்டது. அப்படிப் போகிற கடிதம் சேருமா, சேர்ந்தால் பதில் வருமா என்று சொல்ல யாராலும் முடியாது. ஆனால் பதில் என்று ஒன்று வந்தால் அந்த விலாசத்துக்குத்தான் வரவேண்டும்.

அதற்குப் பிறகு அவளுடைய நாள் முழுவதும் பதினொரு மணிக்காகவே இருந்தது. பதினொரு மணிக்குத் தவசிமுத்து சைக்கிளில் தபால் கொண்டுவருவார். பரிபூரணம் பக்கவாட்டுச் சந்தில் வந்து சுவரை ஒட்டி நிற்பாள். முன்னால் வரமாட்டாள். வாசலில் அம்மா கேட்பாள், எங்களுக்கு உண்டா என்று. இல்லை என்பார். ஆலங்குளத்து டீச்சருக்கு? அவியளுக்கும் இல்ல தாயி என்று சொல்லிக்கொண்டே பெடலை மிதித்துவிடுவார். சைக்கிள் மணி தெருக்கோடியில் திரும்புகிற வரைக்கும் அவள் சந்திலேயே நிற்பாள். அப்புறம் உள்ளே போய் வேலையில் உட்காருவாள்.

வேலை என்பது பேண்டேஜ் சுற்றுவது. தனுஷ்கோடி என்பவருடைய கம்பெனியிலிருந்து வெளுத்த துணி கட்டுக்கட்டாக வீடுகளுக்கு வரும். அளவாகக் கிழித்து, பிசிறு எடுத்து, இறுக்கமாகச் சுருட்டி, டஜன் டஜனாகக் காகிதத்தில் பொதிந்து திருப்பிக் கொடுக்க வேண்டும். அம்மா வெகு காலமாகச் செய்தாள். பரிபூரணம் ஒரு வாரத்தில் அம்மாவைவிட வேகமாகச் சுருட்டினாள். மன்னாரில் அவள் நிஜமாகவே டீச்சர், கணக்கு டீச்சர். இங்கே பள்ளியில் வேலை செய்ய அனுமதி கிடையாது.

அவள் தேங்காய் துருவுகிற சத்தம் காலையும் மாலையும் கேட்கும். அம்மா அதைப் பற்றி, “தேங்காயிலேயே குடும்பம் நடத்துதாளே, எம்புட்டுத் துருவுதா” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். பிறகு அம்மாவே அவளிடம் அந்தத் தேங்காய்ச் சம்பல் கேட்டு வாங்கித் தோசைக்குத் தொட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். ஒருநாள் கடையில் பரிபூரணம் ‘சவர்க்காரம்’ கேட்டாள். கடைக்காரர் புரியாமல் விழிக்க, அவள் கையால் துணி துவைத்துக் காட்டினாளாம். அன்றிலிருந்து கடைக்கு அம்மாதான் போனாள். குழந்தையையும் பள்ளியில் சேர்க்கவில்லை. குழந்தை வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும்.

மார்கழியில் ஒருதரம், பங்குனியில் ஒருதரம், தான் தபால் நிலையத்துக்கே போய்க் கேட்டுப் பார்க்கட்டுமா என்று அப்பாவிடம் அனுமதி கேட்டாள். அங்கே போய்ப் பேச்சுக் கொடுத்தால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும், வந்தால் வீட்டுக்கு வராமல் எங்கே போய்விடும் என்றார் அப்பா. இரண்டு தடவையும் அவள், ஓம் ஐயா என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் கொலை நடந்தது. மறுநாள் கடைகள் திறக்கவில்லை, பஸ் ஓடவில்லை. ரேடியோவில் நாள் முழுவதும் வீணை வாசித்தார்கள். பரிபூரணம் பின்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். தேங்காய் துருவுகிற சத்தம் நின்றுபோயிற்று. இரண்டு நாள் கழித்து அம்மா போய்ப் பார்த்தபோது குழந்தைக்கு வெறும் சீனித் தண்ணீரில் பிஸ்கட் நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாளாம்.

அப்பாவுக்கு உறக்கம் போயிற்று. இலங்கைக்காரர்களுக்கு வீடு கொடுத்தவர்களையும் விசாரிக்கிறார்கள் என்று மில்லில் பேசிக்கொண்டார்கள். அப்போது நான் ஒரு தேர்வு எழுதித் தேறி, குமாஸ்தா வேலைக்கு உத்தரவு வருமென்று காத்திருந்தேன். அதற்கு முன் போலீஸ் விசாரணை வீட்டுக்கு வரும். வந்து பின்கட்டில் யார் என்று கேட்டால் என்ன சொல்வது? அவர் இதை என் காதுபட அம்மாவிடம் சொன்னார். பரிபூரணம் போகவேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, போகட்டும் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

ஆனி மாதம் பிறந்ததும் அப்பா அவளைக் கூப்பிட்டு, மாதக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். முகாமுக்கே திரும்பிப் போனாலும் நல்லதுதான், அங்கே பாதுகாப்பு உண்டு என்றார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் அப்பாவிடம் அவள் நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

“ஐயா, நான் உங்களுக்குக் கரைச்சல் தரேல்லை. என்னை எங்கை போகச் சொன்னாலும் போவன். ஆனா அவரிட்டை இருக்கிறது இந்த விலாசம் ஒண்டுதான். இதை விட்டிட்டுப் போனா, அவர் உயிரோட இருந்தாலும் எனக்கு இல்லாத மாதிரித்தான். அவர் எழுதுற வரைக்கும் இருக்க விடுங்கோ.”

பத்து மாசமா எழுதலையேம்மா என்றார் அப்பா.

ஆனி முழுவதும் ஜெயபாய் டீச்சர் அலைந்தார். யாரும் வீடு தரவில்லை. இதற்குள் ஆனி முடிந்து ஆடி பிறந்துவிட்டது. அப்போதுதான் அம்மா குறுக்கே வந்தாள். எங்கள் அம்மா ஆவுடையம்மாள் பொதுவாக அப்பா பேச்சைத் தட்டமாட்டாள். ஆனால் ஆடியில் குடி வைக்கவும் கூடாது, குடி எழுப்பவும் கூடாது என்பதில் அவளுக்கு இரண்டாம் பேச்சு இல்லை. அதுவும் தாலியோடு இருக்கிற ஒருத்தியை, புருஷன் எங்கே என்று தெரியாமல் இருக்கிறவளை, ஆடியில் வீட்டைவிட்டு இறக்கினால் அந்த வீடு விளங்காது.

“அவ வேதக்காரிதான். நம்ம வீடு வேதக்கார வீடு இல்லையே” என்றாள் அப்பாவிடம். கிறிஸ்தவர்களை அவள் அப்படித்தான் சொல்வாள். “ஆவணி ஒண்ணாந் தேதி நானே பெட்டியத் தூக்கி வைக்கேன். அதுவரைக்கும் பேசாம இருங்க.”

அப்பா பேசாமல் இருந்தார். அப்படியாக ஒரு மாதம் கிடைத்தது. பரிபூரணம் சுவரில் காலண்டரைப் பார்ப்பதில்லை. நான்தான் பார்த்தேன். ஆடி ஐந்து, பத்து, பதினைந்து. பதினொரு மணிக்குச் சந்தில் நிழல் விழும். தவசிமுத்துவின் சைக்கிள் நிற்கும். அம்மா கேட்பாள். சைக்கிள் போய்விடும். கடைசியில் அம்மாவுக்கே கேட்க வெட்கமாகி, கையை மட்டும் விரித்துக் காட்ட ஆரம்பித்தாள், அவரும் கையை மட்டும் விரித்தார்.

ஆடி இருபதாம் தேதி ஜெயபாய் டீச்சர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். முகாமுக்கு வெளியே இருக்கிறவர்கள் எல்லோரும் மறுபடி பதிய வேண்டும் என்று உத்தரவு. விசாரிக்க வந்த போலீஸ்காரர் எழுதிக் கொடுத்த விலாசத்துக்குப் போய்ப் பார்த்தாராம், அங்கே ஆளில்லையாம். படிவத்தில் சிபாரிசு செய்தவர் என்று டீச்சரின் பெயர் இருந்ததால் நோட்டீஸை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் காலை பத்து மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போலீஸ் அலுவலகத்தில் நேரில் வரவேண்டும். வீட்டு உரிமையாளரும் வரவேண்டும், நகராட்சி வரி ரசீதோடு.

ஆளில்லை என்றால் என்ன அர்த்தம், இவள் இங்கேயே தானே இருக்கிறாள் என்று அம்மா கேட்டாள். யாருக்கும் விளங்கவில்லை. அப்பா அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் நாங்கள் நான்கு பேர் பஸ் ஏறினோம். அப்பா, பரிபூரணம், இடுப்பில் குழந்தை, படிவம் எழுதுவதற்காக நான். ஆடிப்பூரத் தேருக்குச் சில நாளே இருந்ததால் பஸ்ஸில் நிற்க இடமில்லை. மொட்டை போட்ட குழந்தைகள், பூக்கூடைகள். அப்பா முன்பக்கம் போய் எங்களோடு சேராதவர் மாதிரி நின்றுகொண்டார். கண்டக்டர் கேட்டபோது நான் டிக்கெட் வாங்கினேன், பரிபூரணம் வாயைத் திறக்காமல் இருப்பதற்காக. கோபுரம் தெரிந்ததும் பஸ்ஸில் பாதிப்பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவள் குழந்தையின் தலையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் வெளியே உட்கார வைத்தார்கள். கூப்பிட்டபோது உள்ளே ஐம்பது வயது அதிகாரி ஒருவர், மேஜை மேல் எங்கள் பழைய படிவம். என் கையெழுத்து எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் கொஞ்சம் பயம் குறைந்திருக்கும்.

அப்பா கொடுத்த வரி ரசீதைப் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்து இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். ரசீதில் கதவு எண் நாற்பத்தேழு. படிவத்தில் நூற்றிப் பன்னிரண்டு.

“நூத்திப் பன்னெண்டுக்கு நம்ம ஆளு போயிப் பாத்தாச்சு. பூட்டிக் கெடக்கிற குடோன்” என்றார். “குடோன்லயா குடியிருக்கிய? இல்ல, அங்க வேற யாரும் இருந்து போனாங்களா?”

அப்பா என்னைப் பார்த்தார். எண்ணை எழுதியவள் நான். பரிபூரணம்தான் பேசினாள். நிலைக்கு மேலே காவியில் எழுதியிருந்தது, அதைப் பார்த்துத்தான் சொன்னேன் என்றாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “அது சென்சஸுக்காரன் எழுதினதும்மா. குடிக்கணக்கு எடுக்க வந்தவன் அவன் வரிசைக்கு ஒரு நம்பர் போட்டுட்டுப் போவான். அதை எவனாவது விலாசத்துல எழுதுவானா?”

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். நானும் அப்பாவும் தலைகுனிந்து நின்றோம். பரிபூரணத்தின் முகத்தை அப்போது பார்த்தேன். அவள் பயந்திருக்க வேண்டும். பொய் விலாசம் கொடுத்தவள் என்று அன்றைக்கு யார் வேண்டுமானாலும் அவளை வேனில் ஏற்றியிருக்கலாம். ஆனால் அவள் அதையெல்லாம் விட்டு வேறெங்கோ போய்விட்டிருந்தாள்.

“அப்ப அந்தக் கடிதங்கள்” என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

அதிகாரி அப்பாவிடம் திரும்பினார். இந்தம்மா நாற்பத்தேழாம் எண் வீட்டில்தான் இன்ன தேதியிலிருந்து குடியிருக்கிறார் என்று உரிமையாளர் கைப்பட எழுதி, முழுப் பெயர் போட்டுக் கையெழுத்திட்டுத் தரவேண்டும். தந்தால் முடிந்தது. இல்லையென்றால் இன்றைக்கே முகாமுக்கு அனுப்ப வேண்டியிருக்கும், வேறு கேள்விகளும் வரும். காகிதமும் பேனாவும் மேஜை மேலேயே இருந்தன. அப்பா ரசீதின் ஓரத்தைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“சாயங்காலம் எழுதிக் கொண்டாரேன்” என்றார் கடைசியில்.

“அஞ்சு மணி” என்றார் அதிகாரி.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி ஒன்றரை. பரிபூரணம் வீட்டுக்குத் திரும்பவில்லை. குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தெருவில் முன்னால் நடந்தாள். வெயிலுக்குப் போட்டிருந்த முக்காடு நழுவியதைச் சரி செய்யவில்லை. வீட்டுக்கு வீடு நிலைக்கு மேலே பார்த்துக்கொண்டே போனாள். பாதி வீடுகளில் எண்ணே இல்லை, இருந்த எண்களில் எது நகராட்சியுடையது, எது கணக்கெடுப்பினுடையது என்று தெரியவில்லை. தெருவின் கீழ்க்கோடியில் காமராஜ் சோடாக்கடை. நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவள் நேராக அங்கே போய், ஒரு வருஷமாக எங்கள் தெரு கேட்டிராத குரலில் கேட்டாள்.

“நூற்றிப் பன்னிரண்டாம் நம்பர் எது எண்டு தெரியுமோ?”

அப்பா பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். தடுக்க வேண்டுமென்றால் தடுத்திருக்கலாம். நின்றுவிட்டார்.

காமராஜ் எதிரே இருந்த இரும்பு ஷட்டரைக் கையால் காட்டினார். தனுஷ்கோடியின் பழைய பேண்டேஜ் கிடங்கு அது. கூரை ஒழுகுகிறது என்று இரண்டு வருஷத்துக்கு முன்னே காலி செய்துவிட்டுப் புது இடத்துக்குப் போய்விட்டார்கள். காட்டின கையை அவர் இறக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சித்திரையில ஒரு ஆளு இப்படித்தான் வந்து கேட்டாரு” என்றார் மெதுவாக. “இதே நம்பர். இதே பேச்சு.”

அவள் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். எப்படி இருந்தார் என்று கேட்டாள். உயரம், கறுப்பு, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார் என்றார் காமராஜ். மன்னாரிலிருந்து வந்த பரிபூரணம் என்று யாராவது இந்தத் தெருவில் உண்டா என்று கேட்டாராம். அந்த ஷட்டருக்கு முன்னால் மத்தியானம் முழுவதும் வெயிலில் உட்கார்ந்திருந்தாராம். இவர் சோடா கொடுத்தாராம், அவர் குடிக்கவில்லையாம்.

“அப்படி யாரும் இல்லைன்னு நான்தாம்மா சொல்லி அனுப்பினேன்” என்றார் காமராஜ். “நீங்க ஆலங்குளம்லா?”

கடையில் நின்றவர்கள் எங்கள் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா கிடங்கைப் பார்த்தார். கிடங்குக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் அறுபது வீடு இருக்கும். பின்கட்டுச் சந்தில் அவள் சைக்கிள் மணிக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்ற ஏதோ ஒரு நாளில் அவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார்.

சாவி தனுஷ்கோடியின் புது இடத்தில், காவல்காரர் ஐயாதுரையிடம் இருந்தது. அப்பாவே போய் அவரை அழைத்து வந்தார். அப்பா ஓடி நான் பார்த்ததில்லை, அன்று பார்த்தேன். ஷட்டர் துருப்பிடித்து முழங்கால் உயரத்துக்கு மேல் ஏறவில்லை. ஐயாதுரை எண்ணெய் கொண்டுவருகிறேன் என்றார். அதற்குள் பரிபூரணம் தரையில் படுத்து உள்ளே நுழைந்துவிட்டாள்.

வெளியே நாங்கள் கேட்டதெல்லாம் காகிதச் சத்தம்தான். அவள் வெளியே வந்தபோது முந்தானை முழுவதும் பஞ்சுத் தூசி, மடியில் ஒரு கத்தை. மின்வாரிய நோட்டீஸ், கம்பெனிக் காலண்டர், ஏதோ ஏலச் சீட்டு விளம்பரம். இவற்றுக்கு நடுவே நான்கு கடிதங்கள். எல்லாம் அவர் எழுதி, படகில் வந்தவர்கள் இந்தியத் தபால்தலை ஒட்டி ராமேஸ்வரத்தில் போட்டவை. ஒன்றை எலி தின்றிருந்தது. பெயர் தெரியாத ஆளாக இருந்தால் எண்ணைப் பார்த்துப் போட்டுவிடுவது தவசிமுத்துவின் வழக்கம். பரிபூரணம் என்ற பெயரைத் தெருவில் இரண்டு பேரிடம் விசாரித்ததாகவும், எல்லோரும் இல்லை என்றதால் கதவிடுக்கில் போட்டதாகவும் பிறகு சொன்னார். அவர்மேல் என்ன தப்பு? அந்தப் பெயரை நாங்கள்தான் மறைத்து வைத்திருந்தோம்.

ஐந்தாவதாக ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. தபால்தலை இல்லை. பஸ் டிக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரியது, பென்சிலால் எழுதியது. அதைத்தான் அவள் முதலில் படித்தாள், நின்றபடியே. படித்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். நான் படித்து முடித்ததும் அப்பா வாங்கிப் படித்தார்.

‘வந்தேன். பூட்டிக் கிடக்கிறது. உங்களை ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மா மடு மாதா கோயிலில் காலமாகிவிட்டா. நான் மண்டபத்தில் பதிந்திருக்கிறேன். நீங்கள் அங்கே திரும்பி வருவீர்கள் என்று அங்கேயே இருப்பேன்.’

அப்பா அதை இரண்டு முறை படித்திருக்க வேண்டும். பிறகு ஐயாதுரையிடம் ஒரு காகிதம் கேட்டார். அவர் கம்பெனிப் பேண்டேஜ் பொதிகிற தாளைக் கொடுத்தார். சோடாக்கடைப் பலகையில் வைத்து, எல்லோரும் பார்க்க, அப்பா எழுதினார். இன்னார் மகன் சங்கரலிங்கம், இன்ன தெரு, கதவு எண் நாற்பத்தேழு, என் வீட்டில் இந்தத் தேதியிலிருந்து இந்த அம்மாள் குடியிருக்கிறார். கையெழுத்துப் போட்டுவிட்டு, அதற்குக் கீழே தன் மில் டோக்கன் நம்பரையும் எழுதினார். அதை யாரும் கேட்கவில்லை. மூன்று மணி பஸ்ஸில் தனியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்.

அவர் திரும்பி வருவதற்குள் பரிபூரணம் பாயைச் சுருட்டிவிட்டாள். ரெக்சின் பையில் துணிகளை வைத்தாள், சுற்றி முடித்த பேண்டேஜ்களை அம்மாவிடம் ஒப்படைத்தாள். முடியாததையும் உட்கார்ந்து சுற்றிவிட்டுத்தான் எழுந்தாள். அம்மா நிலைப்படியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“ஆடியில யாரும் வீடு மாற மாட்டாங்க தாயி. இன்னும் பத்து நாள்தான். ஆவணி பொறக்கட்டும்” என்றாள். மூன்று வாரத்துக்கு முன் அவளை நிறுத்தி வைக்கச் சொன்ன அதே வார்த்தை.

“நான் வீடு மாறேல்லை அக்கா. அவரிட்டைப் போறன்.”

அம்மா கையை எடுத்துவிட்டாள்.

மறுநாள், மண்டபம் போக அதிகாரி அப்பாவிடம் கொடுத்தனுப்பிய அனுமதிச் சீட்டோடு, போலீஸ் துணை இல்லாமல், அவளும் குழந்தையும் பஸ் ஏறினார்கள். மதுரை போய் அங்கிருந்து ராமநாதபுரம் பஸ். ஏற்றிவிட அப்பாவும் வந்தார். இந்த முறை எங்களோடு சேர்ந்து நின்றார். பஸ் கிளம்பியதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு கூடவே நடந்தார், அவ்வளவுதான்.

எனக்குப் போலீஸ் விசாரணை ஐப்பசியில் வந்தது. பின்கட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டபோது அப்பா உள்ளதைச் சொன்னார். உத்தரவு அடுத்த வருஷம் வரைக்கும் இழுத்து, பிறகு வந்தது. பின்கட்டை அம்மா ஆவணியில் யாருக்கும் விடவில்லை. காவி எண்ணை நான் சுண்ணாம்பு தடவி அழித்தேன். மழையில் அது மறுபடி லேசாகத் தெரிந்தது.

அவளிடமிருந்து கடிதம் வந்தது புரட்டாசியில். தவசிமுத்து வாசலில் சைக்கிளை நிறுத்தி இறங்கியே வந்து கொடுத்தார். மண்டபத்தில் அவர் இல்லையாம். ஆனியில் வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்களாம். அவள் மூன்று வாரம் எழுதிக் கேட்டு, அலைந்து, கடைசியில் திருச்சிப் பக்கத்து முகாம் ஒன்றில் கண்டுபிடித்தாள். காலில் குண்டுச் சிதறல் பட்டிருக்கிறது, நடக்கிறார். இன்பம் அவரை அடையாளம் தெரியாமல் இரண்டு நாள் அழுதாள், இப்போது அவர் முதுகிலிருந்து இறங்குவதில்லை. அக்காவுக்குச் சம்பல் செய்முறை தனித்தாளில் எழுதியிருந்தாள்.

அடியில் அப்பாவுக்கு ஒரு வரி இருந்தது. ‘ஐயா, விலாசத்தில் உங்கள் பெயரையே போட்டிருக்கிறேன். குறை நினைக்கக் கூடாது. எண்ணை நம்பிப் போட எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.’

அப்பா உறையைத் திருப்பித் தன் பெயரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு, பதில் எழுத இன்லண்ட் லெட்டர் வாங்கிவரச் சொல்லி என்னை அனுப்பினார்.